ஒரு மொழிக்குள் இன்னொரு மொழி

2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 6.5 மீட்டர் அகலமுள்ள கண்ணாடியை விரித்துக்கொண்டு, பழைய விண்மீன் திரள்களின் அகச்சிவப்பு ஒளியை அது சேகரித்து வருகிறது. அதன் கண்ணாடியைப் பற்றியும் வெயில் மறைப்புத் திரையைப் பற்றியும் எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அதற்குள் ஓடும் கணிப்பொறிப் புரோகிராமைப் பற்றிப் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. தொலைநோக்கியை இயக்கும் முதன்மைப் புரோகிராம் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் எழுதப்பட்டது. ஆனால் இன்று எந்த விண்மீனைப் பார்ப்பது, எந்தக் கருவியைத் திறப்பது என்ற அன்றாட வேலைகளைச் சொல்லும் ஆணைகள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இருக்கின்றன. ஆம், இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிகிறதே, அதற்குப் பயன்படும் அதே மொழிதான்!

எதற்காக இரண்டு மொழிகள்? ஒன்றிலேயே எல்லாவற்றையும் எழுதியிருக்கக் கூடாதா?

காரணம் இருக்கிறது. இதற்கு முந்தைய ஹபிள் தொலைநோக்கியில் வேலைகள் பெரும்பாலும் கடிகாரக் கணக்குப்படி நடந்தன. இத்தனை மணிக்குத் திரும்பு, இத்தனை மணிக்குப் படம் எடு என்று முன்கூட்டியே பட்டியல் போய்விடும். வழிகாட்டி விண்மீனைப் பிடிக்க முடியாமற் போனால் அந்தப் பார்வைக்கு ஒதுக்கிய நேரம் வீண். வெப் தொலைநோக்கியில் ஆணைகள் நிகழ்ச்சியைப் பொறுத்து நகர்கின்றன. வழிகாட்டி விண்மீன் கிடைத்ததா? கிடைத்தால் இதைச் செய். கிடைக்காவிட்டால் இந்தப் பார்வையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. இப்படி ‘ஆனால்’, ‘இல்லாவிட்டால்’ என்று சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும். அந்த ஆணைகளை அடிக்கடி மாற்றவும் வேண்டும். மாற்றும்போது, உயிர்நாடியான முதன்மைப் புரோகிராமில் கை வைக்கக் கூடாது. ஆகவே சாதாரண எழுத்து வடிவிலேயே ஆணைத்தொடரை மேலே அனுப்புகிறார்கள். முதன்மைப் புரோகிராமுக்குள் குடியிருக்கும் ஓர் உள்மொழி அதைப் படித்து நிறைவேற்றுகிறது. அந்த உள்மொழியின் பொறியைச் செய்து கொடுத்த நோம்பாஸ் என்ற நிறுவனம் இன்று இல்லை. அதன் பொறி மட்டும் விண்வெளியில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இவ்வாறு ஒரு மொழியில் எழுதிய புரோகிராமுக்குள் இன்னொரு மொழியைக் குடிவைக்கும் கலையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். குடிவைக்கப்படும் மொழியை ஸ்கிரிப்ட் மொழி என்பார்கள். குடிவைக்கும் புரோகிராமை ‘வீட்டுக்காரர்’ என்றும், உள்ளே வரும் மொழியைக் ‘குடித்தனக்காரர்’ என்றும் வைத்துக்கொள்வோம். வாடகை, வாக்குவாதம் எல்லாம் பின்னால் வரும்.

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பட்டுத்தறியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்து புதியதன்று. தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் மாலைபோலக் கோக்கப்பட்டு அதன்மீது ஏறி இறங்கும். துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவு நூல்கள் உயரும்; துளை இல்லாத இடத்தில் உயராது. மயில் போய் மாங்காய் வரவேண்டுமானால் தச்சரைக் கூப்பிட்டுத் தறியை அறுக்க வேண்டியதில்லை. அட்டையை மாற்றினால் போதும். தறிதான் வீட்டுக்காரர். அட்டைதான் ஸ்கிரிப்ட். நடுவே இருந்து அட்டையைப் படிக்கும் ஜக்கார்டு பெட்டிதான் நாம் குடிவைக்கும் மொழிப்பொறி.

பொறிக்குள் பொறி எப்படி நுழைகிறது?

சி போன்ற மொழியில் எழுதிய புரோகிராம் நேரடியாக ஓடாது. கம்பைலர் அதை முழுவதும் படித்து, கணிப்பொறியின் மையச் செயலகத்துக்குப் புரியும் எந்திர ஆணைகளாக மாற்றித் தரும். மாற்றிய பிறகு மூல எழுத்து தேவையில்லை. வேகம் மிகுதி, ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் மீண்டும் கம்பைலரிடம் போக வேண்டும்.

ஸ்கிரிப்ட் மொழியின் வழி வேறு. அதன் எழுத்தை ஓடும் நேரத்திலேயே படித்து, பொருள் புரிந்துகொண்டு, அப்போதே நிறைவேற்ற ஒரு புரோகிராம் உண்டு. அதுதான் இன்டர்பிரிட்டர். இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். இன்டர்பிரிட்டர் என்பதும் ஒரு புரோகிராம்தானே? அதையும் யாரோ சி மொழியில்தானே எழுதியிருப்பார்கள்? அப்படியானால் அதை நூலகமாகப் பிரித்தெடுத்து, இன்னொரு சி புரோகிராமோடு சேர்த்துக் கட்டிவிடலாம் அல்லவா? சைன், வர்க்கமூலம் போன்றவற்றைக் கூப்பிடுவதுபோல, ‘இந்த எழுத்தைப் படித்து நிறைவேற்று’ என்று கூப்பிட்டுவிடலாம். குடிவைத்தல் என்பதன் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் எல்லைச் சண்டை.

இதற்கென்றே பிறந்த மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் லூவா. போர்த்துக்கீசிய மொழியில் நிலா என்று பொருள். பிறந்த இடம் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். அங்குள்ள டெக்கிராஃப் என்ற ஆய்வுக்குழு, பெட்ரோபிராஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்துக்காகப் புரோகிராம்கள் எழுதி வந்தது. 1977 முதல் 1992 வரை பிரேசிலில் அயல்நாட்டுக் கணிப்பொறிச் சாதனங்களுக்கும் புரோகிராம்களுக்கும் கடுமையான இறக்குமதித் தடைகள் இருந்தன. வேண்டியதைத் தாமே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். பொறியாளர்கள் விவரங்களை உள்ளிடுவதற்காக டெல் என்றொரு சிறு மொழியும், பாறை அடுக்குகளைப் படமாக வரையும் புரோகிராமுக்காக சோல் என்றொரு சிறு மொழியும் முதலில் எழுந்தன. இரண்டும் போதவில்லை. 1993இல் ராபர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக் டி ஃபிகைரெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும் இரண்டையும் சேர்த்து ஒரே மொழியாக்கினார்கள். சோல் என்றால் சூரியன். சூரியனுக்குப் பின் வந்தது நிலா! இன்றும் அதன் மூலம் முழுவதும் சுமார் 30,000 வரி சி மொழிதான். கட்டி முடித்தால் 300 கிலோபைட் அளவில் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரிது.

லூவாவுக்கு முன்பே வேறொருவர் இதே வழியில் நடந்திருக்கிறார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹௌட் என்பவர் மின்சுற்றுகளை வடிவமைக்கும் புரோகிராம்களை எழுதி வந்தார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு கட்டளை மொழி, ஒவ்வொன்றும் அரைகுறை. ஒரே மொழியை நன்றாகச் செய்து எல்லாப் புரோகிராம்களிலும் பொருத்தினால் என்ன என்று எண்ணி, 1988இல் டிசிஎல் என்ற மொழியைத் தொடங்கினார். லூவாவை உருவாக்கியவர்கள் அதையும் பார்த்தார்கள். அதன் எழுத்துநடை தங்கள் பொறியாளர்களுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டார்கள்.

ஊசல் ஒன்றை ஆட்டிப் பார்ப்போம்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆய்வகத்தில் ஊசலின் இயக்கத்தைத் திரையில் வரைந்துகாட்ட சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். கோணத்தையும் கோணத் திசைவேகத்தையும் கொடுத்தால் கோண முடுக்கத்தைக் கணக்கிட்டு, சிறுசிறு காலப் படிகளாக முன்னேறும். இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், “சார், காற்றின் தடையைச் சேர்த்தால் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். சேர்த்துக் கம்பைல் செய்தேன். இன்னொருவர், தடை திசைவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தால் என்றார். மீண்டும் கம்பைலர். மூன்றாமவர் நிலவின் ஈர்ப்பு வேண்டும் என்றார். சில வாரங்களில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் சலித்துக்கொண்டது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது போலும். அப்போதுதான் லூவாவை உள்ளே வைத்தேன். வரைவது, காலப் படி, விசைப்பலகை எல்லாம் சி மொழியில் அப்படியே இருக்க, முடுக்கத்துக்கான சூத்திரம் மட்டும் ஒரு சிறு எழுத்துக்கோப்பில் வெளியே வந்தது. மாணவர் அதைத் திறந்து மாற்றிச் சேமித்தால் போதும்.

இப்போது எல்லையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சி மொழியில் ஒரு மாறி முழு எண்ணா, தசம எண்ணா என்பது கம்பைல் செய்யும்போதே தீர்மானமாகிவிடும். அதற்கு நினைவகத்தில் ஓர் இடமும் உண்டு. லூவாவில் அப்படியில்லை. மதிப்பு தன் இனத்தைத் தானே சுமந்துகொண்டு திரியும். இன்று எண்ணாக இருக்கும் மாறி நாளை எழுத்துத்தொடராகலாம். மேலும், பயன்படாத மதிப்புகளை அவ்வப்போது பெருக்கித் தள்ளும் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் லூவாவுக்குள் இருக்கிறார். ஆகவே லூவாவின் பொருளை சி மொழி நேராகக் கையில் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பிடித்த கை திரும்பிப் பார்ப்பதற்குள் பொருள் குப்பைக்குப் போயிருக்கலாம்.

இதற்குத் தீர்வாக இருவருக்கும் பொதுவாக ஒரு திண்ணை போட்டிருக்கிறார்கள். அது ஓர் அடுக்கு. இட்லித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பதுபோல மதிப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். அடுக்கில் இருக்கும் வரை எந்தப் பொருளையும் துப்புரவுப் பணியாளர் தொடமாட்டார். ஊசல் 1 மீட்டர் நீளம், கோணம் 0.2 ரேடியன், இப்போது அசையாமல் நிற்கிறது என்று கொள்வோம். சி புரோகிராம் முதலில் லூவாவிலுள்ள ‘முடுக்கம்’ என்ற சார்பை அடுக்கில் ஏற்றுகிறது. அதன்மேல் 0.2ஐ வைக்கிறது. அதன்மேல் 0ஐ வைக்கிறது. பிறகு, ‘இரண்டு கொடுத்திருக்கிறேன், ஒன்று திருப்பிக் கொடு’ என்று கூப்பிடுகிறது. லூவா மூன்று தட்டுகளையும் எடுத்துக்கொண்டு, தன் எழுத்துக்கோப்பில் உள்ள சூத்திரப்படி கணக்கிட்டு, விடையான −1.947ஐ ஒரே தட்டாக அடுக்கின் உச்சியில் வைக்கிறது. சி அதைப் படித்துக்கொண்டு தட்டை அகற்றுகிறது. அடிப்பகுதியிலிருந்து எண்ணினால் முதல் தட்டு 1. உச்சியிலிருந்து எண்ணினால் −1, −2 என்று கீழே போக வேண்டும். சி மொழிக்காரர்கள் எதையும் 0 முதல் எண்ணும் பழக்கமுள்ளவர்கள். லூவாவில் அட்டவணைகளும் 1 முதல்தான் தொடங்குவது வழக்கம். இந்த ஒன்றின் வித்தியாசத்தால் இழந்த மாலைப்பொழுதுகளை நான் கணக்கு வைக்கவில்லை.

தட்டை அகற்றுவது என்றேனே, அதை மறந்தால் என்ன ஆகும்? நான் மறந்தேன். ஊசல் அழகாக ஆடியது. மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் அடுக்கு நிரம்பிவிட்டது என்ற செய்தியோடு எல்லாம் நின்றது. ஒவ்வொரு காலப் படிக்கும் ஒரு தட்டு மிஞ்சினால், விநாடிக்கு ஆயிரம் படிகள் போகும் புரோகிராமில் எவ்வளவு விரைவில் கூரை தட்டும் என்று நீங்களே கணக்கிடலாம். இயல்பான அமைப்பில் லூவாவின் உச்சவரம்பு சுமார் 10 லட்சம் தட்டுகள்.

இன்னொரு நுட்பமான பொறி எழுத்துத்தொடர்களில் இருக்கிறது. லூவாவிடம் ஒரு பெயரைக் கேட்டால், அந்தப் பெயர் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியைத்தான் அது தரும். அது இரவல் பாத்திரம். அடுக்கிலிருந்து அந்தத் தட்டை அகற்றிய பிறகும் முகவரியை வைத்துக்கொண்டிருந்தால், ஒருநாள் சரியாக வரும், மறுநாள் குப்பை வரும். வேண்டுமென்றால் உடனே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லையைக் கடப்பது எதிர்த்திசையிலும் நடக்கும். ‘கோடு வரை’ என்ற சி சார்பை லூவாவிடம் பதிவு செய்துவைத்தால், ஸ்கிரிப்ட் எழுதும் மாணவர் அது லூவாவில் பிறந்ததா சி மொழியில் பிறந்ததா என்று அறியாமலே கூப்பிடலாம். கூப்பிட்டதும் அதே அடுக்கின் வழியாக அளவுகள் வரும். வேலை முடிந்ததும் எத்தனை விடைகளை அடுக்கில் வைத்தேன் என்ற எண்ணை மட்டும் சி திருப்பிச் சொல்ல வேண்டும். கடப்பதற்குச் சுங்கம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆயிரம் துகள்களுக்கு ஆயிரம் முறை எல்லையைத் தாண்டுவதைவிட, மொத்தத்தையும் ஒரே மூட்டையாக அனுப்பி ஒருமுறை தாண்டுவது மேல்.

இதையே தலைகீழாகச் செய்வதும் உண்டு. பைத்தான் மொழியில் புரோகிராமை எழுதி, எண்களை அரைக்கும் கனமான பகுதியை மட்டும் சி மொழியில் எழுதிச் சேர்ப்பார்கள். அறிவியலாளர்கள் பயன்படுத்தும் நம்பை நூலகம் அவ்வகையானது. அங்கே ஸ்கிரிப்ட் மொழிதான் வீட்டுக்காரர். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், கடைசியில் யார் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குடித்தனக்காரர் வீட்டை இடித்தால்?

ஜக்கார்டு அட்டைக்கு நூலைத் தூக்கு, தூக்காதே என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஒவ்வோர் அட்டையும் ஒரு மிதியில் முடிந்துவிடும். ஸ்கிரிப்ட் அப்படியன்று, அது முழு மொழி. அதில் பிழையும் செய்யலாம், முடிவே இல்லாத சுழற்சியும் எழுதலாம்.

பிழையைச் சமாளிப்பது எளிது. லூவாவைக் கூப்பிட இரண்டு வழிகள் உண்டு. சாதாரணமாகக் கூப்பிட்டால், உள்ளே பிழை நேரும்போது முழுப் புரோகிராமும் விழுந்துவிடும். பாதுகாப்புடன் கூப்பிட்டால், பிழைச்செய்தி அடுக்கின் உச்சியில் வந்து அமரும். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தன் வேலையைத் தொடரலாம். பயனர் எழுதிய எதையும் இரண்டாவது வழியில்தான் கூப்பிட வேண்டும்.

முடிவற்ற சுழற்சி கடினமானது. என் மாணவர் ஒருவர் எண்ணியை ஒன்று கூட்ட மறந்துவிட்டார். லூவா சுழன்றுகொண்டே இருந்தது. சி புரோகிராம் விடைக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. திரை உறைந்தது. கணிப்பொறி கெட்டுவிட்டது என்று அவர் பயந்துபோனார். பிழை அவருடையதன்று, என்னுடையது. இத்தனை ஆணைகளுக்கு ஒருமுறை என்னை எழுப்பு என்று லூவாவிடம் சொல்லிவைக்க ஒரு வசதி இருக்கிறது. எழுப்பும்போது கடிகாரத்தைப் பார்த்து, நேரம் மீறியிருந்தால் ஒரு பிழையை வேண்டுமென்றே எழுப்பி வெளியே வந்துவிடலாம். நான் அதைப் பொருத்தாமல் விட்டிருந்தேன். நினைவகத்துக்கும் இதுபோல ஒரு கடிவாளம் உண்டு. லூவா தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுப்பதில்லை. வீட்டுக்காரர் கொடுத்த சார்பு ஒன்றிடம்தான் கேட்கிறது. வரம்பு தாண்டினால் இல்லை என்று சொல்லிவிடலாம்.

கோப்புகளை அழிப்பது, வேறு புரோகிராம்களை இயக்குவது போன்ற ஆணைகளை லூவா தனித்தனி நூலகங்களாக வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் திறந்துவிட்டால்தான் அவை உள்ளே வரும். ஊசல் ஆட்டுவதற்குக் கோப்பை அழிக்கும் அதிகாரம் எதற்கு? 2004இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில், ஆடுபவர்கள் தங்கள் திரையை லூவாவில் மாற்றியமைத்துக்கொள்கிறார்கள். அங்கே கோப்பு நூலகம் கொடுக்கப்படுவதில்லை.

ஆனால் நிறுத்துவதே ஆபத்தாகும் இடமும் உண்டு. ரெடிஸ் என்ற தரவுக் களஞ்சியத்தில் 2012இல் வந்த 2.6ஆம் பதிப்பு முதல் லூவா குடியிருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்போது வேறு யாருடைய ஆணையும் நடுவே புகாது. கணக்கு பாதியில் கலையக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அது 5 விநாடியைத் தாண்டி ஓடினால், காத்திருப்பவர்களுக்கு ‘வேலையாக இருக்கிறேன்’ என்று ரெடிஸ் பதில் சொல்லத் தொடங்கும். தானாக அதைக் கொல்லாது. அதுவரை ஸ்கிரிப்ட் எதையும் எழுதவில்லை என்றால், பொறுப்பாளர் அதை நிறுத்தலாம். எழுதத் தொடங்கிவிட்டிருந்தால் நிறுத்தவும் அனுமதி இல்லை. சேமிக்காமல் முழுக் களஞ்சியத்தையும் மூடுவது ஒன்றே வழி. ஒருவர் கணக்கில் கழித்து, மற்றவர் கணக்கில் கூட்டுவதற்கு முன் நிறுத்திவிட்டால் பணம் எங்கே போயிற்று என்று யார் சொல்வது? இந்தக் கண்டிப்பு எனக்கு முதலில் அதிகமாகப் பட்டது. யோசித்தபோது இதுவே நியாயம் என்று தோன்றியது.

என் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட ஆபத்து எதுவும் இல்லை. காவல்களை எல்லாம் பொருத்திய பிறகு, வர்க்கத் தடையைப் பற்றிக் கேட்டாரே அந்த மாணவர், அவரே கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றினார். தடை திசைவேகத்துக்கு நேர்விகிதமாக இருந்தபோது ஊசலின் வீச்சு, சமகால இடைவெளியில் சம விகிதத்தில் குறைந்துகொண்டு வந்தது. பாடநூலில் உள்ள வளைகோடு. வர்க்கத்தைப் போட்டதும் வீச்சு முதலில் வேகமாகச் சரிந்தது. பிறகு தயங்கித் தயங்கி, நெடுநேரம் அடங்காமல் ஆடியது. வீச்சின் தலைகீழ் மதிப்பைக் காலத்துக்கு எதிரே வரைந்து பார்க்கச் சொன்னேன். கோடு ஏறத்தாழ நேராக வந்தது. “அப்படியானால் இரண்டு தடையும் சேர்ந்திருந்தால்?” என்று கேட்டுக்கொண்டே அவர் கோப்பை மறுபடியும் திறந்தார்.